ஓடைக் கோப்பி

பன்வில ஊருக்குக் கீழே, வண்டிப்பாதை ஓடையைத் தாண்டும் இடத்தில் மர்சூக்கின் கடை இருந்தது. இலுக்குப் புல் வேய்ந்த கூரை, மண்சுவர், முன்னால் இரண்டு மூங்கில் தட்டு. அரிசி, கருவாடு, மிளகாய், புகையிலை, கொஞ்சம் முழத்துணி, இவ்வளவுதான் சரக்கு. பின்கட்டில் அவனும் மனைவி பாயிஸாவும் நான்கு வயது மகள் றலியாவும் குடியிருந்தார்கள். மேலே மலை முழுக்கத் துரைமாரின் கோப்பித் தோட்டம். கீழே சிங்களக் கிராமங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்ததால்தான் அந்தக் கடை பிழைத்தது.

கிராமத்து வீடுகளில் பலாவுக்கும் கமுகுக்கும் இடையில் பத்து இருபது கோப்பிச் செடி நிற்கும். பழத்தை அப்படியே பாயில் போட்டு, ஓடு கறுத்து உள்ளே விதை குலுங்கும்வரை காயவைப்பார்கள். அதைக் கூடையில் கொண்டுவந்து மர்சூக்கிடம் கொடுத்துவிட்டு உப்போ துணியோ வாங்கிப் போவார்கள். மூட்டை சேர்ந்ததும் மர்சூக் தன் மாட்டுவண்டியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோவான். தோட்டத்துக் கோப்பி வேறு சங்கதி. அங்கே ஸ்டோரில் இயந்திரம் பழத்தின் தோலை உரித்துவிடும். விதையைத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் வைக்கோல் நிறத்தில் மெல்லிய உமியோடு இருக்கும். அந்தப் பாதையில் நடக்கிற எவருக்கும் கறுப்பு எது, வைக்கோல் எது என்று தெரியும்.

அந்த வருஷம் தோட்டங்களில் இலைநோய் மோசமாக இருந்தது. இலையைத் திருப்பினால் மஞ்சள் பொடி விரலில் ஒட்டியது. காய்ப்புக் குறையக் குறையத் துரைமாருக்குக் களவு பெரிதாகத் தெரிந்தது. பன்விலச் சந்தியில் பறை அடித்துப் புதுச் சட்டத்தைச் சொன்னார்கள். ஒருவனிடம் சந்தேகத்துக்கு இடமான கோப்பி இருந்தால், அது எப்படி வந்தது என்று அவன்தான் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் களவென்றே கொள்ளப்படும். மர்சூக் அதை வெற்றிலை மென்றுகொண்டு கேட்டான். பாயிஸாவின் நானா, அவளுடைய மூத்த சகோதரர் பளீல், கண்டியில் துணிக்கடை வைத்திருந்தவர், நாலு விஷயம் தெரிந்தவர். இனி வாங்குகிற ஒவ்வொரு கூடைக்கும் ஊர்த் தலைவர் ஆராச்சியிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வைத்துக்கொள் என்று அவர் சொன்னபோது மர்சூக்குக்குச் சிரிப்பு வந்தது. முதியான்சேயிடம் பன்னிரண்டு வருஷமாக வாங்குகிறேன், அவனிடம் போய்த் துண்டு கேட்டால் நீ கள்ளன் என்று முகத்தில் சொன்ன மாதிரி ஆகாதா என்றான். சட்டம் கள்ளனுக்குத்தானே, நமக்கென்ன என்பது அவன் கணக்கு. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கூடை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்லுவான்.

தோட்டத்தில் கூலிவேலை செய்யும் ராக்கம்மா கடைக்கு முதலில் வந்தது ஐப்பசி மழையில். மர்சூக் வண்டியோடு கண்டிக்குப் போயிருந்தான். பாதை சரிந்துபோனதால் மூன்று நாள் பயணம் ஐந்து நாளாகிவிட்டது. பாயிஸா பாய்த் தட்டிக்குப் பின்னால் நின்று வியாபாரம் பார்த்தாள். ராக்கம்மா தலையில் கம்பளி, இடுப்பில் பால்குடிக் குழந்தை, மடியில் ஈரமான ஒரு முடிச்சு. அவிழ்த்துக் காட்டினாள். ஒரு கொத்து அளவு தேறும், உமியோடு வழவழவென்று கோப்பி விதை.

இது தோட்டத்துக் கோப்பியல்லவா என்று பாயிஸா கேட்டாள். ராக்கம்மா மறைக்கவில்லை. ஸ்டோரில் கழுவுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடையில் விழுகிறது, அதோடு விதையும் கொஞ்சம் போகிறது, அடியில் சேலையை விரித்துப் பிடித்தால் ஒரு பொழுதுக்கு இவ்வளவு சிக்கும் என்றாள். அவள் புருஷன் கறுப்பையா காய்ச்சலில் லயத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், கிடந்தான். வேலைக்குப் போகாதவனுக்கு அன்றைய கூலிக் கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. இவளுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாததால் அரைப்பேர்தான் விழுந்தது.

"யாரு வீட்டுலயும் எடுக்கல நாச்சியா. தண்ணியில போறதத்தான் அள்ளுனேன். நான் அள்ளலனா அது மகாவலி ஆத்துக்குத்தான் போகும்."

பாயிஸா அரிசியும் ஒரு துண்டுக் கருவாடும் கொடுத்தாள். விதையை அடுப்புக்கு மேலே பரணில் காயப்போட்டாள். மர்சூக் வந்ததும் சொல்லத்தான் நினைத்தாள். அவன் சேறு பூசிய காலோடு வந்து, மாட்டுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டான். அடுத்த தடவை அவன் போனபோது ராக்கம்மா மறுபடி வந்தாள். முதல் தடவையைச் சொல்லாததால் இரண்டாவதைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிறு சாக்கு பாதி நிறைந்திருந்தது. றலியாவுக்குக் காதுக்கு ஏதாவது செய்ய அதை வைத்துக்கொள்ளலாம் என்று பாயிஸா எண்ணியிருந்தாள். தவறு செய்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. அவனிடம் சொல்லவில்லையே என்பது மட்டும்தான் உறுத்தியது.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு காலை, பனி இறங்கியிருக்கும்போதே அவர்கள் வந்தார்கள். குதிரையில் சின்னத்துரை, பின்னால் ஒரு பொலிஸ்காரர், தோட்டத்துப் பெரிய கங்காணி பொன்னையா. பாதையில் உள்ள கடைகளையெல்லாம் சோதிப்பதாகச் சொன்னார்கள். கண்டிக்குப் போகத் தயாராக ஒன்பது மூட்டை இருந்தது. ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் கைவிட்டுக் கிளறினார்கள். எல்லாம் கறுப்பு. மர்சூக் ஒவ்வொரு மூட்டைக்கும் எந்த ஊர், யார் வீடு, எத்தனை கூடை என்று சொல்லிக்கொண்டே வந்தான். எழுத்தில் ஏதாவது உண்டா என்று பொலிஸ்காரர் கேட்டார். இல்லை என்றான். அப்போது பொன்னையா உள்ளேயிருந்து சிறு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார்.

வைக்கோல் நிற விதைகள் பாயில் கொட்டின. மர்சூக் அதைப் பார்த்தான். பிறகு தட்டியின் ஓரத்தில் நின்ற பாயிஸாவைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்ததை அவன் ஒரே பார்வையில் வாசித்துவிட்டான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒன்பது மூட்டையையும் அந்தச் சாக்கையும் வண்டியில் ஏற்றச் சொன்னார்கள். அவனுடைய வண்டிதான், அவனேதான் மாட்டைப் பூட்டினான். புறப்படும்போது, இடது மாட்டுக்குக் கால் நோவு இன்னும் இருக்கிறது, மேட்டில் இறக்கி நடத்தவேண்டும் என்று பொலிஸ்காரரிடம் சொல்லிக்கொண்டு போனான்.

பாயிஸா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுநாளே கண்டிக்கு நடந்தாள். தோணியில் மகாவலியைக் கடந்து பளீல் வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பளீல் அவளைப் பிரக்கிராசி சுந்தரலிங்கத்திடம் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிக் கோர்ட்டில் வழக்குப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். வாவிக்கு எதிரே மாடியில் ஒரு அறை. கதிரை இரண்டும் ஒரு அலுமாரியும் தவிர மற்ற இடமெல்லாம் காகிதக் கட்டு. பாயிஸா முக்காட்டை இழுத்துவிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த நாள்வரை அவள் வெளி ஆண் ஒருவரிடம் இவ்வளவு பேசியதில்லை. அவர் இடையில் மறிக்காமல் கேட்டார்.

"தங்கச்சி, இதிலை ரெண்டு கோப்பி இருக்கு. கறுத்தக் கோப்பிக்குப் பயமில்லை. வித்த சனம் வந்து இது எங்கட கோப்பி எண்டு சொன்னால் ஒன்பது மூட்டையும் திரும்பி வரும். துண்டு இருந்திருந்தால் அந்தச் சனத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். மற்றச் சாக்குதான் பிரச்சினை."

"அது நான் வாங்கினது. அவருக்குத் தெரியாது."

"கடை ஆரின்ரை? அவரின்ரை. கடைக்குள்ளை கிடந்தது அவரின்ரை கையிலை கிடந்த மாதிரித்தான். தெரியாது எண்டதையும் அவர்தான் காட்டவேணும். நீங்கள் வந்து, நான் வாங்கினனான், இன்னாரிட்டை வாங்கினனான் எண்டு சொன்னால் அவரை வெளியிலை எடுக்க ஒரு வழி இருக்கு."

அந்த வழியை அவர் விளக்கினார். எறிந்துவிட்ட பொருளை எடுத்தால் களவாகாது. தோட்டக்காரர் ஓடையில் போக விட்டதை ஒருத்தி அள்ளினாள் என்றால், அது அவர்கள் கைவிட்ட பொருள் என்று வாதாடலாம். ஆனால் அதற்கு அள்ளியவளே வந்து, எந்த இடத்தில் எப்படி அள்ளினேன் என்று சொல்லவேண்டும். நீதவான் நம்பினால் மர்சூக்கும் அவளும் வீட்டுக்குப் போகலாம். நம்பாவிட்டால் அவளும் உள்ளே போவாள், தோட்டத்தில் அவள் குடும்பத்துக்கு இடமும் இராது.

நம்புவாரா என்று பாயிஸா கேட்டாள். சுந்தரலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பத்துக்கு நாலு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடையில் லயத்துப் பெண்கள் துணி துவைக்க வருவார்கள். மற்றவர்கள் போகும்வரை பாயிஸா காத்திருந்தாள். ராக்கம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு வாரமாக அவள் கடைப்பக்கம் வரவில்லை. பாயிஸா பிரக்கிராசி சொன்னதை அப்படியே சொன்னாள். பத்துக்கு நாலு என்பதையும் விடவில்லை. வரும் வழியெல்லாம் அதை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

ராக்கம்மா துணியைக் கல்லில் வைத்தபடியே நின்றாள்.

"நான் வந்து சொன்னா கடைக்கார நானா வெளிய வந்துருவாருங்களா?"

"வரலாம் என்டுதான் சொன்னாரு."

"வரலாம்னா, வராமயும் போவலாம்."

"ஓ. அப்பிடியும் ஈக்கி."

அந்தப் பருவத்தில் ஓடை பழுப்பாக, புளித்த தோலின் வாடையோடு ஓடும். ராக்கம்மாவின் குழந்தை கரையில் ஒரு சுள்ளியைத் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ராக்கம்மா, எந்த நாள் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றாள் பாயிஸா. வந்து சொல்றேன் என்று ராக்கம்மா சொன்னாள். உண்மையாகத்தான் சொன்னாள் என்று பாயிஸா பின்னாலும் நம்பினாள். சொல்லும்போது அவள் கண் குழந்தைமேல்தான் இருந்தது.

புதன்கிழமை காலை லயத்தில் அந்த அறை காலியாக இருந்தது. கறுப்பையாவைக் கம்பளியில் தொட்டில் கட்டி இரண்டு சொந்தக்காரர்கள் தூக்கிப் போனார்களாம். ஹுன்னஸ்கிரியப் பக்கம் என்று ஒருவரும், இல்லை, இந்தியாவுக்கே என்று ஒருவரும் சொன்னார்கள். இனி மர்சூக்குக்குச் சாட்சி இல்லை என்று பாயிஸா முதலில் நினைத்தாள். ராக்கம்மாவும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்று பிறகு நினைத்தாள். இந்த இரண்டில் எது தன்னுடைய உண்மையான எண்ணம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஆள் ஓடியது தெரிந்தும் சுந்தரலிங்கம் மனம் தளரவில்லை. நீங்கள் சாட்சி சொல்லுங்கோ, அது போதுமோ பார்ப்பம் என்றார். எப்படிக் கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ராக்கம்மாவின் பெயரைக் கேட்டால் என்ன செய்வது என்று பாயிஸா கேட்டபோது மட்டும் அவர் காகிதக் கட்டைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்.

வியாழக்கிழமை கோர்ட்டு வராந்தாவில் அவள் பளீலோடு ஒதுங்கி நின்றாள். கோப்பி விற்ற முதியான்சேயும் இன்னும் ஆறு பேரும் முதல்நாளே புறப்பட்டு, கட்டுச்சோற்றோடு நடந்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் பெண்கள். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே போய், தங்கள் செடி எத்தனை, எப்போது பறித்தது, எத்தனை கூடை கொடுத்தது என்று சிங்களத்தில் சொன்னார்கள். மர்சூக் பிடிபட்ட அன்று வாயால் சொன்ன கணக்குக்கும் அவர்கள் சொன்னதற்கும் ஒரு கூடைகூட வித்தியாசம் இல்லை. ஒன்பது மூட்டையும் விடுவிக்கப்பட்டது.

பிறகு பொன்னையா கங்காணியைச் சுந்தரலிங்கம் கேள்வி கேட்டார். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, அதில் விதை போவது உண்டா, ஓடையில் போனதைத் தோட்டத்து ஆள் யாராவது பின்னால் போய் எடுத்தது உண்டா. பொன்னையா யோசித்து, இல்லை என்றார். தோட்டத்து எல்லை எந்த இடத்தில் முடிகிறது என்று சுந்தரலிங்கம் அடுத்துக் கேட்டார். ஸ்டோருக்குக் கீழே கல் இருக்கிறது, வாய்க்கால் அதைத் தாண்டித்தான் விழுகிறது என்று பொன்னையா ஒப்புக்கொண்டார். நீதவான் பேனாவை நிறுத்தி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பளீல் பாயிஸாவின் பக்கம் திரும்பி, அடுத்தது நீதான் என்றார். அவள் றலியாவை அவரிடம் கொடுத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்தாள். சொல்லவேண்டியதை மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

ஆனால் அதற்கு முன் நீதவான் மர்சூக்கிடம், நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். சுந்தரலிங்கம் அவனைப் பார்த்துத் தலையசைத்தார், பேசவேண்டாம் என்று.

மர்சூக் பேசினான். "அந்தச் சாக்கு நான் வாங்கின. கடையில ஆளில்லாத நேரம், பாதையில போன ஒரு ஆள்கிட்ட. ஆளத் தெரியாது. தோட்டத்துக் கோப்பி என்டு தெரிஞ்சுதான் வாங்கின."

மூன்று மாதச் சிறை. பாயிஸாவைக் கூப்பிடவே இல்லை.

வெளியே வந்த சுந்தரலிங்கம் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். நான் வெட்டின வழியை உங்கட மனுசனே அடைச்சுப்போட்டார் என்று மட்டும் பளீலிடம் சொன்னார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம் இருந்தது. பிறகு பாயிஸாவிடம், கடையை மூடாதேங்கோ என்றார். வாங்கிறதை எழுத ஒரு கணக்குக் கொப்பி வையுங்கோ: வித்தவர் பேர், ஊர், எத்தனை கூடை, எந்த நாள். கீழே ஆராச்சியின்ரை அடையாளம். எந்த எழுத்திலை எழுதினாலும் பரவாயில்லை, எழுதியிருக்கவேணும்.

பாயிஸாவுக்குத் தெரிந்த எழுத்து சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் கற்றது. தமிழை அரபு எழுத்தில் எழுதுவாள். இதுவரை பிறந்தநாள், மவுத்தான நாள் தவிர எதையும் எழுதத் தேவை வந்ததில்லை. இப்போது கடைக்கு முன்னாலேயே பாய் போட்டு உட்கார்ந்தாள். பாய்த் தட்டியைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டாள். வந்தவர்களிடம் துண்டு கேட்டபோது மர்சூக் பயந்தபடிதான் நடந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். முதியான்சேயும், உனக்காகக் கண்டிவரை நடந்தேனே, என்னிடமே துண்டா என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாயிஸா பின்னால் போகவில்லை. பத்து நாள் கழித்து அவர் துண்டோடு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதை நீட்டினார். அவள் அதில் ஆராச்சியின் அடையாளத்தைப் பார்த்து, கணக்கை எழுதி முடித்து, அவர் பெண்சாதியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதன்பிறகு அவர் அமர்ந்து வெற்றிலை போட்டார்.

ராக்கம்மாவைப் பற்றி ஹுன்னஸ்கிரியப் பக்கமிருந்து வந்த ஒரு வண்டிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாயிஸா பேச்சை மாட்டுத் தீவனத்துக்குத் திருப்பிவிட்டாள்.

பங்குனியில் ஒரு நாள் போகம்பரைச் சிறைவாசலில் அவள் காத்திருந்தாள். மர்சூக் மெலிந்திருந்தான், தாடியில் நரை தெரிந்தது. கையில் தென்னைநார் திரித்த தழும்பு. பளீல் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். தோணி ஏறி இறங்கும்வரை மாடு எப்படி, கூரை ஒழுகுதா, றலியா ராவில் இருமுதா என்ற பேச்சுத்தான். ஏற்றம் தொடங்கிய இடத்தில், றலியா அவன் தோளில் தூங்கியபிறகு, பாயிஸா கேட்டாள்.

"நான் வெளியில நிக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பொறகு ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

அவன் சில அடி நடந்தான். "தெரியாது என்டு நான் சொல்லியிருந்தா, அப்ப ஆரு வாங்கின என்டு கேப்பாங்க. ஒன்னச் சாட்சிக் கூட்டுல ஏத்துவாங்க. பிரக்கிராசி சொன்னாரே, அந்தப் பொம்புளட பேர ஒன்ட வாயாலதான் கேப்பாங்க. நீ சொல்ல மாட்டாய். எனக்குத் தெரியும். சொல்லாட்டி ஒன்ன உள்ள போட்டுடுவாங்க."

"சொல்ல மாட்டேன்தான்."

"அதான்."

"நீங்க களவு தெரிஞ்சு வாங்கின ஆள் என்டு ஊரெல்லாம் பேர். செஞ்சது நான். நான் செஞ்சத நான்தான் சொல்லியிருக்கணும். அத நீங்க எடுத்துட்டீங்க."

"புள்ளய ஆரு பாத்திருப்பா?"

"அது எனக்கும் தெரியும். என்ன ஒரு சொல்லு கேட்டிருக்கலாம்."

சிறையில் மூன்று மாதமும் தான் செய்ததை மர்சூக் சரி என்றே நினைத்திருந்தான். அந்த நினைப்பில்தான் நாளைக் கழித்திருந்தான். இப்போதும் அது பிழையென்று படவில்லை. ஆனால் இப்படி ஒரு பக்கம் அதற்கு இருப்பதை அவன் பார்த்ததில்லை. நீயும் சொல்லாம வாங்கினாய்தானே என்று நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டான். பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

அவர்கள் கடையை அடைந்தபோது ஒரு கிராமத்துப் பெண் இரண்டு கூடை கறுத்தக் கோப்பியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பருவத்தின் கடைசிக் கோப்பி. மர்சூக்கைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். அவன் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வழக்கம்போலக் கூடையை உள்ளே கொண்டுபோகத் தூக்கினான். பாயிஸா கணக்கெழுதும் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துண்டைக் கேட்டாள், வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஊரையும் பேரையும் கேட்டு எழுதத் தொடங்கினாள். மர்சூக் கூடையைத் தூக்கியபடி நின்றான். உள்ளே கொண்டுபோகலாமா, இன்னும் நிற்கவேண்டுமா என்று தெரியவில்லை. அந்தப் பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

எழுதி முடியும்வரை அவன் நின்றான். பிறகு, கீழே கடைசியாக எழுதினது என்ன என்று கேட்டான். வாங்கின ஆளின் பேர் என்றாள் பாயிஸா. மூன்று மாதமாக அந்த இடத்தில் அவள் பேர்தான் இருந்தது.

"என்ட பேரையும் அதுல எழுது," என்றான் மர்சூக். "ஒன்ட பேர அழிக்க வாணாம். ரெண்டும் ஈக்கட்டும். நாளைக்கு ஆரும் கேட்டு வந்தா ரெண்டு பேர்கிட்டயும் கேக்கட்டும்."

பாயிஸா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மையில் குச்சியைத் தோய்த்து, தன் பேருக்குப் பக்கத்தில் இடம் போதாததால், அதற்குக் கீழே அவன் பேரை எழுதினாள். எழுதியது எது என்று அவனுக்கு விளங்காது. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கூடையை உள்ளே கொண்டுபோனான்.